கடைத் தேநீரின் ருசியை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

வீட்டில் நல்ல பால் இருக்கும், விலை கூடிய தூள் இருக்கும், ஆனாலும் தெருமுனைக் கடையில் 12 ரூபாய்க்கோ 15 ரூபாய்க்கோ கிடைக்கும் தேநீரின் ருசி மட்டும் வராது என்று குறைப்படாதவர்கள் குறைவு. தூளை மாற்றிப் பார்ப்பார்கள், பாலை மாற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் ஏலக்காயைத் தட்டிப் போட்டுக் குறையை மறைக்கப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பல ஆண்டுகளைக் கழித்தேன். கோயம்புத்தூரில் நான் வழக்கமாகப் போகும் கடையின் மாஸ்டர், கூட்டம் சேராத ஓர் அதிகாலையில், "வீட்டுல எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க வெப்பீங்க, அதானுங்க தப்பு" என்று சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

அன்று அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாய்லரின் குழாயைத் திறந்து, கொதிநீரால் கண்ணாடி க்ளாஸை ஒருமுறை அலசிக் கொட்டினார். ஒரு குவளையின் வாயில், நீளமான காலுறையைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது துணி வடிகட்டி, அதற்குள் தூள். கொதிநீரை அதன்மேல் ஊற்றி, இறங்கிய சாயத்தை எடுத்து மறுபடியும் ஒருமுறை அதே தூளின் மேல் விட்டார். பால் வேறொரு பாத்திரத்தில், பொங்காமல், சூடு மட்டும் ஆறாமல் இருந்தது. சர்க்கரை போட்ட குவளையில் பாலையும் சாயத்தையும் சேர்த்து, ஒரு கை தலைக்கு மேலும் ஒரு கை இடுப்புக்குக் கீழுமாக மூன்று முறை ஆற்றி, க்ளாஸில் ஊற்றி, முடிவில் நுரையின் நடுவே ஒரு சொட்டு கெட்டிச் சாயத்தை விட்டு நீட்டினார். தூளும் பாலும் ஒரே அடுப்பில் ஒன்றாகக் கொதிக்கவே இல்லை. கடைத் தேநீரின் ரகசியம் என்று ஒன்று உண்டென்றால் அது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றிய சின்னச் சின்னக் கவனங்கள்.

இதற்குக் காரணம் நாம் வாங்கும் தூளிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கும் கடைகளுக்கும் வருவது பெரும்பாலும் சி.டி.சி. எனப்படும் முறையில், பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யப்படும் தேயிலையின் மிகச் சிறிய துகள். 1930களில் அஸ்ஸாமில் உருவான இந்த முறைதான் இன்று நீலகிரித் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவற்றிலும் நடக்கிறது. இலை இவ்வளவு பொடியாகிவிடுவதால், கொதிநீர் பட்ட இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் நிறமும் மணமும் காஃபினும் பெருமளவு நீரில் இறங்கிவிடுகின்றன. அதற்கு மேலும் அடுப்பில் கொதிக்கவைத்தால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்புதான் ஏறும். மணமோ ஆவியோடு போய்விடும். சமையலறை முழுவதும் தேநீர் வாசனை கமகமவென்று வருகிறதென்றால் அது டம்ளரில் இல்லை என்றே பொருள்.

பால் சேர்ந்தால் கதை இன்னும் சிக்கலாகிறது. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். சாயம் இறங்கிய பிறகு பால் சேர்த்தால் இதுவே நன்மை, கடுப்பு அடங்கித் தேநீர் மென்மையாகும். ஆனால் தூள் சாயம் விடுவதற்கு முன்பே பால் வந்துவிட்டால், பால் கலந்த நீரில் சாயம் சரியாக இறங்காது. நிறம் வரவில்லையே என்று நாம் இன்னொரு கரண்டி தூளைப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுவோம். பாலுக்குக் காய்ந்த வாடை வரும், தேநீருக்குக் கடுப்பு வரும். வடநாட்டு முறையில் இஞ்சி, கிராம்பு, பட்டை எல்லாம் போட்டுப் பாலோடு சேர்த்துக் காய்ச்சுவது தனி வகை, அதற்குத் தனி ருசி உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. நம்மூர்க் கடைத் தேநீர் வேண்டுமென்றால் அந்த வழியில் போகக் கூடாது என்பதுதான் சங்கதி.

தூள் வாங்கும்போது, பாலுக்கென்றால் டஸ்ட் வகையையும் பால் இல்லாமல் குடிப்பதற்கென்றால் இலை வகையையும் வாங்குங்கள். விலை கூடிய முழு இலைத் தேயிலையை வாங்கிப் பால் ஊற்றிக் குடிப்பது, பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பதற்குச் சமம். உதிரியாக வாங்குகிறவர்கள் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். வடிகட்டும் வெள்ளைத் தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, குளிர்ந்த நீரைத் தெளித்துச் சற்று விட்டுவிட்டு, தூளைத் தட்டித் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் அவசரப்பட்டு நிறம் விடாது. தாளில் அழுத்தமான கறை படிந்திருந்தால் சாயம் ஏற்றிய தூள் அல்லது ஏற்கெனவே ஒருமுறை வடித்த சக்கையை உலர்த்தி நிறம் கூட்டிய தூள் என்று சந்தேகப்படலாம். காந்தத்தை மேலாக நகர்த்தினால் இரும்புத்தூள் கலந்திருப்பதும் தெரிந்துவிடும்.

வாங்கிய தூளைக் காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒருமுறை பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் மூடி தளர்ந்திருந்த பாக்கெட்டை ஒரு வாரம் வைத்துவிட்டு, அடுத்த பத்து நாள்கள் ரசத்தைக் குடிப்பதுபோலத் தேநீர் குடித்திருக்கிறேன். ஈரக் கரண்டி கூடாது. குளிர்பதனப் பெட்டியும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் க்ளாஸில் பாதிக்கு மேல் அதுதானே இருக்கிறது. சிறுவாணித் தண்ணீரில் போட்ட தேநீருக்குக் கோவைக்காரர்கள் பெருமை பேசுவது வெறும் ஊர்ப்பற்று என்றுதான் நினைத்திருந்தேன். வேலைக்காகச் சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீர் மட்டும் வந்த ஒரு வாடகை வீட்டில் இருந்தபோது, அதே தூள், அதே கை, ஆனால் சாயம் கலங்கலாக, மேலே எண்ணெய்ப் படலம்போல ஓர் ஏடு மிதந்தது. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலைப் பொருள்களோடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் தேநீருக்கு மட்டுமாவது குடிநீர்க் கேனையோ சுத்திகரித்த நீரையோ பயன்படுத்துங்கள். தண்ணீரைக் கொதித்தது, ஆறியது, மறுபடி கொதித்தது என்று இழுக்காமல், புதிதாகப் பிடித்துக் குமிழ் விட்டுக் கொதித்தவுடன் பயன்படுத்துவது நல்லது.

மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எனவே அங்கே சாயம் இறங்க இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாக விட வேண்டும். தேயிலை விளையும் ஊரிலேயே தேநீர் லேசாக இருக்கிறதே என்று சுற்றுலா வருகிறவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனிச் செய்முறை. இரண்டு பேருக்கு 200 மி.லி. தண்ணீர், தலைதட்டிய இரண்டு தேக்கரண்டித் தூள், அதாவது சுமார் 5 கிராம், 120 மி.லி. பால். பாலைத் தனி அடுப்பில் ஒருமுறை பொங்கவிட்டு, தீயைச் சிறிதாக்கி, ஆடை படியாமல் அவ்வப்போது கிளறி விடுங்கள். 4.5 சதவீதக் கொழுப்புள்ள நிலைப்படுத்திய பால் போதும். அதைவிடக் கொழுப்பு மிகுந்த பாலில் தேயிலையின் மணம் அமுங்கிவிடும், நீர்த்த பாலில் நிறம் செத்துவிடும். இன்னொரு அடுப்பில் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் தீயை அணைத்துவிட்டு, பிறகு தூளைப் போட்டு, ஒரே ஒருமுறை கலக்கி, உடனே மூடுங்கள். தீயை அணைத்த பிறகு தூள் என்னும் வரிசை முக்கியம். மூன்று நிமிடம். கடிகாரத்தைப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம், ஏனென்றால் காலை நேரத்து மூன்று நிமிடம் பிள்ளையின் டிபன் பாக்ஸைத் தேடுவதற்குள் எட்டு நிமிடமாகிவிடும்.

அந்த மூன்று நிமிடத்தில் க்ளாஸ்களில் கொதிநீர் ஊற்றி அலசிக் கொட்டிவிடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் முதல் வாயிலேயே சூடு போய்விடும். மெல்லிய வெள்ளை மல் துணியை வடிகட்டியில் விரித்து வடித்தால் டஸ்ட் தூளின் மண்டி இறங்காது. கம்பி வடிகட்டி மட்டும் போதாது. சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள், கடைசிச் சொட்டில் கடுப்பு மட்டுமே இருக்கும். வடித்த சாயத்தில் இரண்டு மேசைக்கரண்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அளவைவிட நிறத்தை நம்புங்கள்: சுட்ட செங்கல்லின் நிறம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மணல் நிறத்துக்குப் போய்விட்டால் எடுத்து வைத்த சாயத்தில் கொஞ்சம் விட்டு மீட்டுவிடலாம். ஸ்ட்ராங்காகக் குடிப்பவருக்கும் லைட்டாகக் குடிப்பவருக்கும் ஒரே சாயத்திலிருந்து தனித்தனியாகக் கலந்து கொடுக்க முடிவது இந்த முறையின் இன்னொரு சௌகரியம். சர்க்கரை வேண்டாதவருக்கெனத் தனியாக அடுப்பு மூட்டவும் தேவையில்லை.

முதல் முறை கடுமையாகத் தோன்றினால் அடுத்த முறை தூளைக் குறையுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். நீர்த்துத் தோன்றினால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். தேயிலையின் தரத்தை ஒப்பிடுவதற்காக ஐ.எஸ்.ஓ. 3103 என்ற பன்னாட்டு வரையறை ஒன்று உண்டு. 100 மி.லி. கொதிநீருக்கு 2 கிராம், மூடிய பீங்கான் பாத்திரத்தில் ஆறு நிமிடம் என்பது அதன் கணக்கு. அது ருசித்துக் குடிப்பதற்காக அல்ல, தேயிலையின் குறை நிறைகள் எல்லாம் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் அங்கேயும் தூள் அடுப்பில் கொதிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது ஆற்றுதல். இதை வேடிக்கை காட்டும் வித்தை என்று நினைத்து வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ பாதி ருசி இதில்தான் இருக்கிறது. உயரத்திலிருந்து கம்பிபோல இறங்கும்போது பாலும் சாயமும் சர்க்கரையும் ஒன்றாகின்றன, காற்றுக் கலந்து நுரை நிற்கிறது, சூடும் குடிக்கும் பதத்துக்கு வருகிறது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. நம் மாஸ்டர்கள் அந்த அறிக்கையைப் படித்து ஆற்றவில்லை, என்றாலும் மூன்று முறை ஆற்றிய தேநீர் நாக்கைச் சுடாமல்தான் வருகிறது. வீட்டில் பழக, கைப்பிடி உள்ள இரண்டு எவர்சில்வர் குவளைகளை எடுத்துக்கொண்டு, வெறும் தண்ணீரை வைத்து, கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொடங்குங்கள். கண்ணை ஊற்றும் குவளையில் வைக்காமல் வாங்கும் குவளையில் வையுங்கள். ஒரு வாரத்தில் ஒரு முழம் வந்துவிடும், அதற்கு மேல் வீட்டுத் தேநீருக்குத் தேவையில்லை.

இஞ்சித் தேநீர் போடும்போது பால் திரிந்துபோன அனுபவம் பலருக்கும் இருக்கும். பச்சை இஞ்சியில் பாலைத் திரியச் செய்யும் நொதி ஒன்று இருக்கிறது. கொதிநீரில் அது செயலிழந்துவிடும். ஆகவே நசுக்கிய இஞ்சியைப் பாலில் போடாமல், தண்ணீரோடு முதலிலேயே போட்டு மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, அதன் பிறகு தீயை அணைத்துத் தூளைப் போட வேண்டும். ஏலக்காயை இதற்கு நேர்மாறாகக் கடைசியில், தூளோடு சேர்த்துப் போட்டு மூடுங்கள், வெகுநேரம் கொதித்தால் அதன் மணம் நிற்காது. வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ சேர்ப்பவர்கள் அடுப்பில் கொதிக்கும் பாலில் போட்டால் திரிவதற்கு வாய்ப்பு அதிகம். க்ளாஸில் போட்டு, ஆற்றும்போது கரையவிடுவதே பாதுகாப்பு.

பால் இல்லாத தேநீரைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்தக் குறிப்பு அரைகுறையாகிவிடும். கன்னியாகுமரிப் பக்கத்திலும் கேரள எல்லையிலும் இதைக் கட்டன் சாயா என்பார்கள். இலங்கையில் தேயிலைப் பயிர் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட 19 ஏக்கரோடு வணிகமாகத் தொடங்கியது. அந்த மலைகளில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கச் சென்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அங்கே தேத்தண்ணி என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிளேன்டீதான். யாழ்ப்பாணத்தில் அதில் சீனி போடாமல் பனங்கட்டியை ஒரு கடி கடித்து, ஒரு மிடறு தேத்தண்ணியைக் குடிப்பார்கள். இதை ஒருமுறை செய்து பாருங்கள்: முதலில் பனங்கட்டியின் கரிந்த இனிப்பு, அதை அறுத்துக்கொண்டு வரும் துவர்ப்பு, மறுபடி இனிப்பு. சர்க்கரை கரைந்த தேநீர் முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை ஒரே ருசியாக இருக்கும். இதில் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு ருசி. இலங்கையிலிருந்து 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக எழுந்ததுதான் இன்று டேன்டீ என்ற பெயரில் விற்கும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம். கூடலூர்ப் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள சிறிய கடைகளில் இந்தப் பழக்கத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

பால் இல்லாமல் போடும்போது இலைத் தேயிலைக்கு நான்கு நிமிடம் கொடுக்கலாம், டஸ்ட் தூளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் கடுப்பைத் தணிக்கப் பால் இல்லை. எலுமிச்சை பிழிந்தால் நிறம் சட்டென்று வெளுக்கும், பயப்பட வேண்டாம். புளிப்பினால் தேயிலையின் நிறப்பொருள் அப்படி மாறுகிறது. மார்கழி, தை மாதங்களில் பனி உறையும் காலத்தில் பறித்த நீலகிரி இலைத் தேயிலை கிடைத்தால், சர்க்கரைகூடச் சேர்க்காமல் ஒருமுறையேனும் குடித்துப் பாருங்கள். கிரீன் டீ கசக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் கொதிநீரை நேராக ஊற்றுகிறவர்கள். கொதித்த நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, 75, 80 டிகிரிக்கு வந்ததும் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் இலையை எடுத்துவிட்டால் பாதிக் கசப்பு இருக்காது. மீதிக் கசப்புக்கு நான் பொறுப்பல்ல.

குடிப்பதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. சர்ரென்று சத்தம் வர உறிஞ்சினால் வீட்டில் அதட்டுவார்கள், ஆனால் குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்களின் தொழிலே அப்படி உறிஞ்சுவதுதான். காற்றோடு சேர்த்து இழுக்கும்போது மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். தனியாகக் குடிக்கும்போதாவது தாராளமாக உறிஞ்சுங்கள். கூடத் தின்ன, காலையில் வர்க்கியோ பொறையோ போதும். வர்க்கி அடுக்கடுக்காக உதிரும் என்பதால் நனைத்தவுடன் எடுக்க வேண்டும். பொறை மூன்று எண்ணும்வரை தாங்கும். பட்டர் பிஸ்கட்டை நம்பி நனைக்காதீர்கள், அடியில் களியாகக் கிடக்கும். மாலையில் மிளகாய் பஜ்ஜியோடு குடிக்கிறவர்கள் பஜ்ஜியை முடித்துவிட்டுத் தேநீரைத் தொட்டால் நல்லது, காரம் ஏறிய நாக்கில் சூடு இரட்டிப்பாகத் தெரியும், ருசி பாதிகூடத் தெரியாது.

சாப்பாடு முடித்த கையோடு தேநீர் வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கும் என்பதால், இரத்தசோகை உள்ளவர்கள் முக்கியமாக ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குப் படுக்கிறவர் மாலை ஐந்து மணித் தேநீரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். நான் ஆறு மணிக்கும் குடிக்கிறேன், அதற்கான பலனையும் அனுபவிக்கிறேன்.

துணி வடிகட்டியைச் சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது, அடுத்த தேநீரில் நுரை வேறு விதமாக வரும். வெந்நீரில் நன்றாக அலசிப் பிழிந்து வெயிலில் காயப்போட்டால் போதும். கறை போகாது, வாடை வரத் தொடங்கினால் துணியை மாற்றிவிடுங்கள். சக்கையைக் குப்பையில் கொட்ட வேண்டாம். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சக்கையை ரோஜாத் தொட்டியில் போட்டால் எறும்பு மொய்க்கும், புளித்த நாற்றம் வரும், அதனால் கழுவிக் கழுவிப் போட வேண்டியிருக்கும். இந்த முறையில் தூள் பாலையும் பார்க்கவில்லை, சர்க்கரையையும் பார்க்கவில்லை என்பதால், ஆறியதும் அப்படியே தொட்டி மண்ணில் கிளறிவிடலாம்.